பதினான்கு பேரும் பத்து விரலும்

நோயாளியாக உட்காரும் வேலைக்கு முதல் தகுதி, கேட்டவுடன் கையை நீட்டிவிடாமல் இருப்பது.

ஃபிஜியில், ரக்கிரக்கியில் ஒரு தேவாலயக் கூடத்தில் பயிற்சியின் முதல் நாள் இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். பாடம் சொல்ல சிஸ்டர் மெரே. நர்சுகள் ஐந்து பேர்: சசி, ரோஷ்னி, உஷா, ஆனா, வாசிதி. மருந்து கொடுக்கும் பிரகாஷ். ஆம்புலன்ஸ் ஓட்டும் ராஜன். மலைப்பக்கத்துக் கிராமங்களில் காய்ச்சல் மாத்திரையும் கட்டுத்துணியும் வைத்துக்கொண்டு முதலுதவி செய்யும் ஊழியர்கள் ஐந்து பேர்: இசாயா, செமி, லுசியானா, மோசெசே, தேவி. அப்புறம் நான். மொத்தம் பதினான்கு. எல்லாப் பெயரையும் நீங்கள் நினைவில் வைக்க வேண்டியதில்லை. சிஸ்டர் மெரே, சசி, இசாயா, இந்த மூன்று பேரை வைத்துக்கொண்டால் போதும். கணக்கை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இரண்டாயிரத்தில் இந்திய வம்சத்தவரான எங்களுக்கு எதிராக நடந்த கலகம் தலைநகர் சுவாவில் தொடங்கி எங்கள் கரும்புக்காடு வரை வந்தது. வீட்டை விட்டுப் போனவர்கள் போனார்கள். இருந்தவர்களில் சிலர் உடம்புக்கு வந்தால் ஆஸ்பத்திரி வாசல் வரை வருவார்கள், உள்ளே வர மாட்டார்கள். கதவைச் சாத்தினால் எழுந்து போய்விடுவார்கள். படுக்கச் சொன்னால் உட்காருவார்கள், உட்காரச் சொன்னால் நிற்பார்கள். நர்சுகளுக்குக் கோபம் வரும். இப்படிப்பட்டவர்களுக்கு எப்படி வைத்தியம் பார்ப்பது என்பதுதான் பயிற்சி. சிஸ்டர் மெரே இந்த ஊர்க் கடற்கரைப் பக்கத்து ஃபிஜிக்காரர். நம்மவர்களைவிட நன்றாக இந்தி பேசுவார். அங்கே பேசியதெல்லாம் அந்த இந்தியில்தான். நான் எனக்குத் தெரிந்த தமிழில் எழுதுகிறேன்.

ஓர்னியின் நுனி

நான் ஆஸ்பத்திரித் துணி துவைப்பவள். ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. நாலு பேர் பார்த்தால் வாய் ஒட்டிக்கொள்ளும். சிஸ்டர் மெரே துவைக்கும் இடத்துக்கே வந்து, "ஆன்ட்டி காமு, பயிற்சிக்கு ஒரு நோயாளி வேணும்" என்றபோது, எனக்குப் பேச வராது என்றேன். "பேசாத நோயாளிதான் வேணும். பேசுறவங்களை வெச்சு யார் வேணும்னாலும் கத்துக்கலாம்" என்றார்.

வேலை இதுதான். கூடத்தின் நடுவில் நாற்காலியில் உட்கார வேண்டும். வீட்டின்மேல் கல் விழுந்த ஒரு பெண் என்று வைத்துக்கொள்ள வேண்டும். தலையில் போட்டிருக்கும் ஓர்னித் துணியின் நுனியைக் கைக்குள் இறுக்கிப் பிடித்திருப்பேன். வருகிறவர் சரியாக நடந்துகொண்டால் மட்டும் பிடியை விடுவேன். எப்போது விடுவது என்று நானே விதி வைத்துக்கொண்டேன். வாசல் என் கண்ணுக்குத் தெரியும்படி நாற்காலியைத் திருப்பாவிட்டால் விட மாட்டேன். பெயர் சொல்லாமல் பக்கத்தில் வந்தால் விட மாட்டேன். செய்யப்போவதைச் சொல்லிவிட்டு, நான் தலையாட்டுவதற்கு முன்பே தொட்டால், விட்டதையும் திரும்பப் பிடித்துக்கொள்வேன். யாருக்காகவும் இதைத் தளர்த்தியதில்லை. அதில் எனக்கு இன்றும் பெருமை உண்டு.

ரோஷ்னி கெட்டிக்காரப் பெண். பின்னால் இருந்து வந்து, ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை நான் மூச்சு விடுவதற்குள் கட்டிவிட்டாள். நான் கையை இழுத்துக்கொண்டேன், பட்டை கீழே விழுந்தது. உஷா சிரித்தாள், அவளும் தோற்றாள். பிரகாஷ் காலையில் தோற்று, சாப்பாட்டுக்குப் பிறகும் தோற்று, கடைசியில் வியர்த்து விறுவிறுத்து என் கை தளர்ந்ததைப் பார்த்ததும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "நிஜ நோயாளி இவ்வளவு கண்டிப்பு இல்ல, ஆன்ட்டி. அவங்களுக்காவது உடம்பு சரியில்லாம இருக்கும்."

துலோ

ஃபிஜியில் உட்கார்ந்திருப்பவர்களைக் கடந்து போகும்போது குனிந்து "துலோ" என்று சொல்லிவிட்டுத்தான் போவார்கள். ஒருவர் தலைக்கு மேலே இருக்கும் பொருளை எடுப்பதென்றாலும் துலோ. மன்னியுங்கள், உங்களைக் கடக்கிறேன் என்று பொருள். குழந்தைகள் நடக்கப் பழகும்போதே இதையும் பழகிவிடுகிறார்கள். நம்மவர்களும் சொல்கிறோம். பஸ்ஸில் கூடக் கேட்கலாம்.

இரண்டாம் நாள் ஆனாவின் முறை. நாற்காலியைத் திருப்பினாள், பெயர் சொன்னாள், என் கை தளரத் தொடங்கியது. அப்போது என் தலைக்கு மேலே ஆணியில் மாட்டியிருந்த மருந்துப் பாட்டிலை எட்டி எடுத்தாள். நான் ஓர்னியைப் பிடித்துக்கொண்டேன். "நான் என்ன தப்பு செஞ்சேன்?" என்று கேட்டாள். சிஸ்டர் மெரே அவளிடம், "உங்க வீட்டுல அப்பா உட்கார்ந்திருக்கார். அவர் தலைக்கு மேலே ரேடியோ இருக்கு. எப்படி எடுப்பே?" என்று கேட்டார். "துலோ சொல்லிக் குனிஞ்சு எடுப்பேன்." "அப்போ இங்கே?" ஆனா என்னைப் பார்த்தாள், பாட்டிலைப் பார்த்தாள், தன் வெள்ளை உடுப்பையும் பார்த்தாள். "யூனிஃபார்ம் போட்டிருக்கேனே, சிஸ்டர்."

ராஜனின் கால்சட்டை

ராஜன் நம் பையன். ஒரு தடவை நோயாளியைக் கூட்டிவரப் போன ஆம்புலன்ஸ் காலியாகத் திரும்பி வந்தது. வண்டியிலிருந்து இறங்கிய ராஜனைப் பார்த்ததும் வீட்டுக்காரர்கள் கதவைத் தாழ் போட்டுவிட்டார்கள். அவன் போட்டிருந்தது பழைய துணிக் கடையில் வாங்கிய பச்சைக் கால்சட்டை, முழங்கால் வரை கறுப்பு பூட்ஸ். சிஸ்டர் மெரே அதைக் கேட்டபோது அவனுக்கு ரோஷம். "நாலு பை இருக்கு, சிஸ்டர். ஒண்ணுல டார்ச், ஒண்ணுல கையுறை. சேத்துல இறங்க பூட்ஸ் வேணாமா?" என்று வாதாடினான்.

சிஸ்டர் மெரே அவனை என் நாற்காலியில் உட்காரவைத்தார். அவன் பூட்ஸை செமியைப் போட்டுக்கொள்ளச் சொல்லி, நாற்காலிக்குப் பின்னால் மெதுவாக நடக்கச் சொன்னார். பலகைத் தரை. டக், டக் என்று சத்தம். ராஜன் முதலில் சிரித்தான். பிறகு அவன் கை நாற்காலி விளிம்பைப் பிடித்துக்கொண்டது. எண்பத்தேழில் முதல் கலகம் நடந்தபோது அவன் பள்ளிக்கூடப் பையன். சிப்பாய்கள் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கி வரிசையில் நிற்கவைத்தார்களாம். அதை அவன் எங்களிடம் சொன்னது அன்றைக்குத்தான். மறுநாள் மடிப்புக் கலையாத சாம்பல் நிறக் கால்சட்டையும் செருப்புமாக வந்து நின்றான். "கல்யாணத்துக்குத் தைச்சது, சிஸ்டர். இதைப் பார்த்து யாராவது பயந்தா, அது என் பொண்டாட்டி ஒருத்திதான்."

மன்னிப்புக் கேட்கப் போனவர்கள்

இசாயா உள்ளே வந்தால் வாசல் வெளிச்சம் மறையும். அவ்வளவு பெரிய உடம்பு. வகுப்பில் கடைசி வரிசையில் பாயில் உட்கார்ந்திருப்பார், பேச மாட்டார். அந்த வகையில் அவரும் நானும் ஒரே சாதி. தங்களால் முடியாமல் போன ஒரு வீட்டைப் பற்றி ஆளுக்கு ஒன்று சொல்லுங்கள் என்று சிஸ்டர் மெரே கேட்ட நாளில்தான் அவர் எழுந்தார்.

அவர் சொன்னது கோவிந்தம்மாவின் வீடு. மலையடிவாரத்தில் கரும்பு போட்டிருந்த கைம்பெண், சர்க்கரை வியாதிக்காரி, மகன்கள் இரண்டு பேரும் சிட்னியில். கலகத்தின்போது சில இளவட்டங்கள் அவள் தகரக்கூரைமேல் கல் எறிந்து, கன்றுக்குட்டியையும் பாத்திரங்களையும் கொண்டுபோய்விட்டார்கள். அதில் இசாயாவின் கிராமத்துப் பையன்களும் இருந்தார்கள். கிராமத்துப் பெரியவர்களுக்கு அவமானம். ஃபிஜி வழக்கப்படி, தப்புச் செய்த பக்கத்தார் ஒன்றாகத் திரண்டு அந்த வீட்டுக்குப் போக வேண்டும். பேசாமல் தலைகுனிந்து போய் முற்றத்தில் உட்கார்ந்து, யங்கோனா என்ற பானச் செடியின் வேரைக் கட்டாக வைத்து மன்னிப்புக் கேட்க வேண்டும். எத்தனை ஆண்கள் போகிறார்களோ அத்தனை மரியாதை. பன்னிரண்டு பேர் போனார்கள், இசாயாவும் ஒருவர்.

கோவிந்தம்மா கண்டது, கரும்புக்கு நடுவே சத்தமில்லாமல் தன் வீட்டை நோக்கி வரும் பன்னிரண்டு ஆண்கள். பின்வாசல் வழியாக, காலில் செருப்புகூட இல்லாமல் ஓடினாள். அறுவடை முடிந்த வயலில் கரும்பின் அடிக்கட்டைகள் ஈட்டி மாதிரி நிற்கும். ஒன்று பாதத்தில் ஏறிவிட்டது. வெட்டாத கரும்புக்குள் போய் ஒளிந்துகொண்டாள். இவர்கள் வெயில் சாயும்வரை முற்றத்தில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்கள், அவள் மன்னிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு. சர்க்கரைக் கால், ஆறவில்லை. எலும்புவரை போனால் காலையே எடுக்க வேண்டும். இசாயா தரையைப் பார்த்தபடி சொன்னார். "கல்லு எறிஞ்சது எங்க பையன்க. ஆனா காயம் போட்டது எங்க மரியாதை."

மடியில் கத்தி

சிஸ்டர் மெரே சசியை அனுப்பினார். கோவிந்தம்மாவுக்கு இந்தி வந்தாலும் வலி வந்தால் தமிழ்தான், அதனால் நானும் கூடப் போனேன். அவள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். மஞ்சள் வைத்துக் கட்டிய கால் நீட்டியிருந்தது. மடியில் கரும்பு வெட்டும் கத்தி. சசி கேட்டுக்கு வெளியே நின்று தன் பெயரையும் என் பெயரையும் சொன்னாள், எதற்கு வந்தோம் என்று சொன்னாள், உள்ளே வரலாமா என்று கேட்டாள். வேண்டாம் என்றாள் கோவிந்தம்மா. சரி என்று திரும்பிவிட்டோம். அடுத்த வாரமும் அப்படியே. அதற்கடுத்த வாரம் உள்ளே விட்டாள், காலைக் காட்டவில்லை. மழை, கரும்பு லாரி, சிட்னியில் பேரன் இட்லி சாப்பிடமாட்டேன் என்கிறான், இப்படியே பேச்சு போயிற்று.

ஒரு வியாழக்கிழமை நாங்கள் உட்கார்ந்ததும் அவள் கத்தியை மடியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தாள். நான் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓர்னியின் நுனியை விடுவது எப்படியென்று எனக்குத் தெரியும், நான் சரியாகத்தான் நடித்துவந்திருக்கிறேன் என்று அந்த நிமிடம் எனக்குள் ஒரு நிமிர்வு வந்தது. சசி அவசரப்படவில்லை. "பாட்டி, கட்டை அவிழ்க்கட்டுமா?" என்றாள். நான் தமிழில் சொன்னேன். கோவிந்தம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "கேக்குறது நல்லாத்தான் கீது. வேணாம்னா இன்னா பண்ணுவா?" நான் கேட்டுச் சொன்னேன்: போய்விட்டு அடுத்த வியாழக்கிழமை வருவாளாம். "அப்போ அவுத்துக்கச் சொல்லு."

திரும்பி ஓட்ட ஓர் ஆள்

உங்களில் யாராவது ஓர் ஆளைப் பொறுக்கி எடுத்து, பழக்கி, இனி இவர் போதும் என்று மூச்சு விடும்போது அவர் விசாவைக் காட்டிப் பார்த்திருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் நம்ம ஜாதகம். பயிற்சி முடித்த சான்றிதழை வெளிநாட்டுக்காரர்கள் எங்களைவிடக் கவனமாகப் படித்தார்கள். ரோஷ்னி சிட்னிக்கு, உஷா ஆக்லாந்துக்கு, பிரகாஷ் பிரிஸ்பேனுக்கு. ஆனா மார்ஷல் தீவுக்கு. செமி வளைகுடாவுக்குக் காவல் வேலைக்குப் போனான். வாசிதி நமாகாவில் ஒரு ஹோட்டலில் சுற்றுலாக்காரர்களின் வெயில் கொப்புளத்துக்கு மருந்து போடுகிறாள். தேவியின் நிலக் குத்தகை முடிந்துபோக, குடும்பத்தோடு சுவா பக்கத்து நகாசிக்குக் குடிபோனாள். யாரையும் நான் குறை சொல்ல மாட்டேன். பிள்ளை குட்டிக்காரர்கள், இரண்டு கலகம் பார்த்தவர்கள். மூன்றாவதும் வந்தது.

சசியும் போனாள். நாடி விமான நிலையத்துக்கு எல்லோரையும் ஆஸ்பத்திரி வேனில் கொண்டுபோய் விட்டது ராஜன்தான். பாய், ஊறுகாய் பாட்டில், மாலை, அழுகை எல்லாவற்றையும் ஏற்றி இறக்கி அவனுக்குப் பழகிவிட்டது. எந்த இடத்தில் நிறுத்தினால் அதிகம் அழாமல் பிரியலாம் என்றுகூட ஒரு கணக்கு வைத்திருந்தான். சசி என் காலைத் தொட்டுக் கும்பிட்டு, "ஆன்ட்டி, வியாழக்கிழமை" என்று தொடங்கி மேலே பேச முடியாமல் உள்ளே போனாள். திரும்பி வரும்போது கிங்ஸ் ரோட்டில் மழை. ரக்கிரக்கி கிட்டே வந்ததும் ராஜன் சொன்னான். "அடுத்த மாசம் ஒரு தடவை இருக்கு, ஆன்ட்டி. அப்போ வண்டியைத் திரும்ப ஓட்ட வேற ஆளைக் கூட்டிட்டு வாங்க."

நான் கோவிந்தம்மாவான நாள்

சசி போன பிறகு கோவிந்தம்மா கேட்டைச் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டாள். காயத்தில் மறுபடியும் சீழ். அந்த மலைப்பக்கத்துக்கு நர்சு இல்லை, இசாயா ஒருவர்தான். "அந்தப் பன்னிரண்டு பேர்ல நானும் ஒருத்தன். என் முகத்தைப் பார்த்தா மறுபடியும் ஓடுவாங்க" என்று அவர் மறுத்தார். சிஸ்டர் மெரே என்னைக் கூப்பிட்டார். இந்த முறை ஓர்னி இல்லை. மடியில் நிஜக் கத்தி. கோவிந்தம்மாவை எத்தனையோ வியாழக்கிழமை பார்த்தவள் நான். கால் நீட்டுவது, தாடையை உயர்த்துவது, கண் கேட்டை விட்டு நகராமல் இருப்பது, ஒன்றையும் விடாமல் செய்தேன்.

இசாயா கூடத்து வாசலில் வந்து நின்றார். வெளிச்சம் போயிற்று. நான் கத்தியை இறுக்கினேன். குனிந்து வந்தார், பாய வருவது போலிருந்தது. முழங்காலிட்டார், அது இன்னும் மோசம். பெரிய மனிதர் என் முன்னால் மண்டியிட்டால் நான் ஏதோ தர வேண்டியிருக்கிறது. சிஸ்டர் மெரே சொன்னார்: "இசாயா, நீ மன்னிப்பு வாங்கப் போகலே. கட்டு மாத்தப் போறே. மன்னிப்பை வீட்டுலயே வெச்சிட்டுப் போ." அவர் வெளியே போனார். வெகு நேரம் வரவில்லை. பிறகு வாசலை மறைக்காமல் ஓரமாக, படிக்குக் கீழே மண்ணில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். மருந்துப் பெட்டியைத் திறந்து, உள்ளே இருப்பது எனக்குத் தெரியும்படி திருப்பி வைத்தார். இரண்டு கையையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தார். நான் கத்தியைத் தரையில் வைத்தேன்.

அவருக்கு நம்பிக்கை வரவில்லை. "ஆன்ட்டி, நிஜமாவே வெச்சீங்களா, பாவம் பார்த்து வெச்சீங்களா?" என்று கேட்டார். எனக்கு வழக்கம்போல வாய் ஒட்டிக்கொண்டது. சிஸ்டர் மெரேதான் பதில் சொன்னார். "அவங்களுக்குப் பாவம் பார்க்கத் தெரியாது, இசாயா. அதுக்குத்தானே இத்தனை வருஷமா வெச்சிருக்கேன்."

கேட்டுக்கு வெளியே பாட்டு

முதல் வியாழக்கிழமை நான் முன்னால் போய்க் கோவிந்தம்மாவிடம் சொன்னேன், வருகிறவர் யார், பன்னிரண்டு பேரில் ஒருவர், அன்று அவர்கள் வேர்க்கட்டோடு மன்னிப்புக் கேட்க வந்தவர்கள் என்பது உள்பட. மறைத்துச் சொல்லக்கூடாது என்பது சிஸ்டர் மெரேயின் விதி. அவள் கத்தியை எடுத்துக்கொண்டாள். "அவன் அங்கியே நிக்கட்டும்" என்றாள். இசாயா கேட்டுக்கு வெளியே மண்ணில் உட்கார்ந்தார், பெட்டியைத் திறந்து வைத்தார், காத்திருந்தார், பொழுது சாய்ந்ததும் துலோ சொல்லி எழுந்து போனார். இப்படியே பல வாரம். நடுவில் ஒரு நாள் அவள், "சத்தமில்லாம வரவனைக் கண்டாத்தான் எனக்கு ஒதறுது. வரான்னு எனக்கு முன்னாடியே தெரியணும்" என்றாள். அடுத்த வாரத்திலிருந்து இசாயா ரோட்டுத் திருப்பத்திலேயே தேவாலயப் பாட்டை உரக்கப் பாடிக்கொண்டு வந்தார். உடம்புக்கு ஏற்ற குரல்தான், ராகம் மட்டும் ஒன்றும் சேராது.

கால் நாறத் தொடங்கிய வாரம் கோவிந்தம்மா சங்கிலியைத் தானே அவிழ்த்தாள். இசாயா உள்ளே வந்து படிக்குக் கீழே உட்கார்ந்தார். கால் அவர் மடிக்கு நேராக இருந்தது. "துலோ" என்றார். "கட்டை அவிழ்க்கணும். முதல்ல தண்ணி ஊத்துவேன், அப்புறம்தான் கை வைப்பேன். நிறுத்துன்னா நிறுத்திடுவேன்." நான் தமிழில் சொல்லத் தொடங்குமுன் அவளே தலையாட்டிவிட்டாள். அவ்வளவு பெரிய கை அவ்வளவு மெதுவாக நகரும் என்று நான் நினைத்ததில்லை. பாதி வேலையில் அவள் "நிறுத்து" என்றாள். அவர் உடனே கையை எடுத்து முழங்கால்மேல் வைத்தார். அவளுக்கு வலி இல்லை, நிறுத்துகிறாரா என்று பார்த்தாளாம். அது எனக்குத் தெரிந்துவிட்டது. என் நாற்காலியில் நானும் அதைத்தான் செய்வேன். கட்டி முடித்ததும் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னாள். "கை நல்லாக் கீது. அந்தப் பாட்டுதான் தாங்கல. மாடு பால் கொடுக்கமாட்டேங்குது."

ஆக்லாந்திலிருந்து

சசி ஆக்லாந்தில் வயசானவர்கள் இருக்கும் விடுதியில் வேலை பார்க்கிறாள். தீபாவளிக்குப் போன் செய்தாள். கோவிந்தம்மாவின் காலைத்தான் முதலில் கேட்டாள். பிறகு அங்கே ஒரு வெள்ளைக்காரத் தாத்தாவைப் பற்றிச் சொன்னாள். அவர் இளவயதில் சண்டைக்குப் போய் வந்தவர். தலையணையைச் சரிசெய்யப் போனால் அடிக்க வருவாராம். யாரும் பக்கத்தில் போக மாட்டார்கள். சசிக்கு அவர் தலைக்கு மேலே கை நீட்டும்போது தன்னை அறியாமல் துலோ வந்துவிட்டது. தாத்தா கையை இறக்கிவிட்டார். இப்போது அந்த விடுதியில் எல்லாருமே துலோ சொல்கிறார்கள், ஃபிலிப்பைன்ஸ்காரப் பெண்கள்கூட.

ஒரு கூடத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்ததற்கு இவ்வளவு தூரம் பலன் போகும் என்று யார் நினைத்தது? எனக்கு அழுகை வந்தது, காட்டிக்கொள்ளவில்லை. நான் பேசாமல் இருக்கவே சசி அந்தப் பக்கத்திலிருந்து கேட்டாள். "என்ன ஆன்ட்டி, ஓர்னியை விட்டுட்டீங்களா, பிடிச்சிட்டு இருக்கீங்களா?"

சுண்டுவிரல்

மழைக்காலம் முடியும்போது கோவிந்தம்மாவின் கால் சுண்டுவிரல் கறுத்துவிட்டது. அதை முதலில் பார்த்தது இசாயா. அன்றைக்கே சொல்லி, கேட்டு, சம்மதம் வாங்கி, புதிய டிரைவரின் வண்டியில் அவளை ஏற்றினார். வண்டிக்குள் கதவைச் சாத்தாமல் முடியாதே? சாத்தும் கைப்பிடியை அவள் கையிலேயே கொடுத்தார். அவளே சாத்தினாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் கணுக்கால்வரை எடுக்க வேண்டியிருக்கலாம் என்று நினைத்துத்தான் கட்டை அவிழ்த்தார். காயத்தின் மற்ற பாகமெல்லாம் சிவந்து நல்ல சதை வளர்ந்திருந்தது. விரல் ஒன்று போதும் என்றார். யார் இதைப் பார்த்துக்கொண்டது என்று கேட்டார். இசாயா வெளியே மாமரத்தடியில் இருந்தார். சிஸ்டர் மெரே ஓய்வு பெற்றுவிட்டவர், இருந்தும் சீருடை போட்டுக்கொண்டு வந்திருந்தார். "எங்க ஆள்" என்று மட்டும் சொன்னார். நான் அந்த இரண்டு வார்த்தையை இப்போதும் நினைத்துப் பார்ப்பேன்.

சிட்னி மகன்கள் விசாக் காகிதம் அனுப்பினார்கள். கோவிந்தம்மா போகவில்லை. "அங்க கேட்டுல நின்னு எவன் கேப்பான்?" என்றாள். கால் முழுதாக ஆறி, அவள் செருப்புப் போட்டு நடந்த வாரத்தில் நானும் கூடப் போயிருந்தேன். கட்டுவதற்கு ஒன்றுமில்லை. இசாயா பெட்டியை மூடிவிட்டு, இனி எதற்கு வருவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். கத்தி வீட்டுக்குள் எங்கேயோ இருந்தது, கண்ணில் படவில்லை. கோவிந்தம்மா அவருக்கு டீ வைத்தாள், மேல்படியில் உட்காரச் சொன்னாள். பிறகு தன் காலைப் பார்த்துக்கொண்டே, வெளியே போகும் லாரியைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னாள். "அன்னைக்கு ஒரு வேர்க்கட்டு கொண்டாந்தீங்களே, அது எங்க? அடுத்த வியாழக்கிழமை எடுத்துக்கினு வா. நீ ஒருத்தன் வந்தாப் போதும்."

நாங்கள் தொடங்கிய அன்றைக்குக் கூடத்தில் இருந்த பதினான்கு பேரில் இந்தப் பக்கத்தில் மிச்சம் சிஸ்டர் மெரே, இசாயா, லுசியானா, மோசெசே, நான் என்று ஐந்து பேர்தான் என்றாலும், கோவிந்தம்மாவின் பத்து விரலில் மிச்சம் ஒன்பது.